டிகிரி காபி ஊரில் டிகிரி வாங்காதவர்!

கும்பகோணத்துக்குக் கோயில், வெற்றிலை, டிகிரி காபி என்று ஏதாவது ஒன்றுக்காகத்தான் போவார்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடும் இருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். திண்ணை, குறுகலான உள்கட்டு, ஜன்னலோரம் ஒரு கட்டில். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003-லிருந்து சாஸ்திரா பல்கலைக்கழகம் நினைவகமாக்கிப் பராமரிக்கிறது.

நான் போன அன்று ஒரு அப்பா, பையனோடு வந்திருந்தார். பையன் பிளஸ் டூவில் ‘அவுட்’ போலிருக்கிறது.

“பார்ரா... இந்த வீட்டுல இருந்துக்கிட்டு உலகத்தையே ஜெயிச்சிருக்காரு. உனக்கு டியூஷன், ஃபேன், தனி ரூம்...”

“அவரும் காலேஜ்ல ஃபெயில்தானேப்பா?”

அப்பா அவசரமாகத் திண்ணைப் பக்கம் போய்விட்டார்.

பையன் சொன்னது அப்பட்டமான சரித்திரம். காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரிக்கு அந்தக் காலத்தில் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர். 1904-ல் ஸ்காலர்ஷிப்போடு அங்கே சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் போச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். 1907-ல் திரும்ப எழுதினார். அதிலும்! 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

‘ஃபெயிலானால் என்ன, மேதை ஆகலாம்’ என்று இதை வைத்து மேடையில் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபெயிலானவர்கள் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிடவில்லையே! என்னை அசத்தியது வேறு. அவருக்குக் கரதலப் பாடமான கணக்கிலேயே அவர் செய்த தப்பு.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இந்தக் குமாஸ்தா கடிதம் போட்டார். உள்ளே நூற்றுச் சொச்சம் சூத்திரங்கள். பல அபாரம். சில தப்பு. பகா எண்கள் பற்றிச் சொன்னது சறுக்கல். இன்னொரு சூத்திரத்தைத் துல்லியம் என்று நினைத்து எழுதியிருந்தார். விடை அவர் நினைத்த அளவுக்கு நெருங்கி வராது. நம் ஆபீஸாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்து ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

ஹார்டி நிரூபணம் கேட்டார். ராமானுஜன் முதலில் தயங்கினார். ஆனாலும் 1914-ல் கப்பல் ஏறினார். தப்பான அந்தச் சூத்திரத்தை இரண்டு பேரும் குப்பையில் போடவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள். அது கொண்டுபோய் விட்ட இடம் ‘பார்ட்டிஷன்’ கணக்கு.

பி.காம். படித்த எனக்கே புரிந்த விஷயம்தான், பயப்படாதீர்கள். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக, ஐந்து. சரி, 200-ஐ? சுமார் 3,97,300 கோடி விதமாக! பீரங்கிப் படையில் இருந்த மேஜர் மக்மேன் இதைக் கையாலேயே போட்டு, துல்லியமாக 39,72,99,90,29,388 என்று விடை சொன்னார். 1918-ல் ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட சூத்திரத்தில் 200-ஐப் போட்டால், கடைசி இலக்கம் வரை அதே எண் வந்து நின்றது.

ராமானுஜன் எழுதியதிலேயே நிறையப் பலன் தந்தவற்றில் அந்தத் தப்பான வரியும் ஒன்று என்று ஹார்டியே பிற்பாடு எழுதி வைத்தார்.

இடையில் 1916-ல் இன்னொரு வேடிக்கை. தென்னிந்திய கேம்பிரிட்ஜ் கைவிட்ட ஆளுக்கு அசல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது!

வீட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து அந்தக் கல்லூரிக்கும் போனேன். பரீட்சை நேரம். வாசலில் நின்றபடி ஒரு பையன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, அரியரா?”

“மூணு சார்... மேத்ஸையும் சேர்த்து!”