மூணு செகண்ட் சோலோ!

காலேஜில் எலெக்ட்ரிக் கிடார் வைத்திருக்கும் அப்பாவிகளே... உங்களுக்கு இந்த டயலாக் மனப்பாடம் ஆகியிருக்கும். “மச்சி, ஏதாச்சும் ஃபாஸ்ட்டா வாசி!” மெதுவாக, உருகி உருகி ஒரு மெலடி வாசித்தால் பாதியிலேயே மொபைலை எடுத்துவிடுவார்கள். விரல் தெரியாத வேகத்தில் நாலு செகண்ட் ஓட்டினால் விசில் பறக்கும். என்ன ஸ்கேல், சுருதி சேர்ந்ததா... யாருக்கு பாஸ் கவலை!

எனக்குக் கவலை இருக்கிறது. வர்ற வெள்ளிக்கிழமை எங்கள் கல்ச்சுரல்ஸ். நான் மூன்றாம் வருஷம் டிரிபிள் ஈ. அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் என்று ஓட வேண்டும். கிடார் வீட்டு பரணுக்குப் போய்விடும். ஆக, இதுதான் நான் மேடை ஏறும் கடைசி கல்ச்சுரல்ஸ். பாட்டின் முடிவில் ஒரு குட்டி சோலோ. வேகம் 120. “திங்கட்கிழமை ரிகர்சல்ல அந்த ரன் சுத்தமா வரணும். இல்லாட்டி கீபோர்டு தம்பி வாசிக்கட்டும்” என்று டிரம்மர் சொல்லிவிட்டான். நண்பன்தான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

அந்த ரன் என்னவென்று சொல்கிறேன். ஏ மைனர் பென்டடானிக். ஐந்தே ஸ்வரம்: ஏ, சி, டி, இ, ஜி. கிடாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வைத்தால், நகரவே வேண்டாம், ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு நோட்டு கிடைக்கும். முதல் கம்பியில் 8, 5. இரண்டாவதிலும் 8, 5. நடுவில் இருக்கும் மூன்று கம்பிகளில் 7, 5. கடைசியாக ஆறாவது கம்பியில் மறுபடி 8, 5. மொத்தம் 12 நோட்டு. கிடார் வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லாரும் கற்றுக்கொள்ளும் ஸ்கேல்தான் இது. நாங்கள் வைத்திருக்கும் ரன், மேலிருந்து கீழே இறங்கி, அப்படியே திரும்பி மேலே ஏறி, கடைசியில் ஒரு இழுப்பில் முடியும். எண்ணிப் பார்த்தால் 24 நோட்டு.

இப்போ கணக்கு. 120 வேகம் என்றால் நிமிஷத்துக்கு 120 தட்டு, செகண்டுக்கு இரண்டு. ஒரு தட்டுக்கு நாலு நோட்டு. அதாவது செகண்டுக்கு எட்டு! ஒரு நோட்டுக்குக் கிடைப்பது 125 மில்லி செகண்ட். மொத்த ரன்னும் மூணே செகண்டில் காலி. இதற்காகத்தான் ஒரு மாசமாக ரூமில் ‘டொக் டொக்’ என்று மெட்ரோனோம் ஓடுகிறது. ஆம்ப்பில் சொருகாமல்தான் வாசிக்கிறேன். அதில் ஒரு லாபமும் உண்டு. டிஸ்டார்ஷன் போட்டால் சுமாராக மீட்டிய நோட்டும் கொழுகொழுவென்று கேட்டு நம்மை ஏமாற்றும். வெறும் கம்பிச் சத்தத்தில் விழுங்கிய நோட்டு எது, விழுந்த நோட்டு எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

வேகத்துக்கு விரல்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். இடது கை விரலைப் பழக்குவது சுலபம் பாஸ்! சிக்கல் முழுக்க வலது கையில், அதுவும் பிக் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவுகிற இடத்தில். ஒரு கம்பிக்கு இரண்டு நோட்டு என்றால், கீழ் அடி ஒன்று, மேல் அடி ஒன்று. பிக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், மேல் அடி அடிக்கும்போது பிக் கம்பிகளை விட்டு வெளியே வந்துவிடும். அப்படியே அடுத்த கம்பி மேல் இறங்கிவிடலாம். எரிக் ஜான்சன் 1990-ல் வந்த ‘ஆ வயா மியூசிகாம்’ ஆல்பத்தில் பென்டடானிக்கைத் தண்ணீர் மாதிரி ஓட விடுவாரே... அவர் கையை வீடியோவில் உற்றுப் பாருங்கள், இந்தச் சாய்வு தெரியும்.

இறங்குகிற வரைக்கும் எல்லாம் சுகம். திரும்புகிற இடத்தில்தான் ஆப்பு! ஆறாவது கம்பியில் 8, 5 வாசித்துவிட்டு மறுபடி 8-க்கு வர வேண்டும். இரண்டு நோட்டு மூன்றாகிவிட்டது. கீழ், மேல், கீழ். இப்போது பிக் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து ஐந்தாவது கம்பியில் மேல் அடி அடிக்க வேண்டுமானால் அந்தக் கம்பியையே தாண்டிக் குதிக்க வேண்டும். 80 வேகத்தில் குதிக்கலாம். 120-ல் காலை வாரிவிடும்.

இதற்கு வழி? அந்த மூன்றாவது நோட்டை மீட்டாமலே விட்டுவிடுவதுதான். 5-ல் மேல் அடி அடித்த உடனே இடது கை விரலால் 8-ஐ ஓங்கி ஒரு குத்து. ஹேமர் ஆன் என்பார்கள். நோட்டு ஒலிக்கும், பிக்கோ ஏற்கெனவே வெளியே வந்து, அடுத்த கம்பிக்காக ஹாயாகக் காத்திருக்கும். இந்த ஒரே ஒரு குத்துக்காக இரண்டு வாரம். முழு ரன்னையும் வாசிக்கவே இல்லை. அந்தத் திருப்பத்தில் இருக்கிற ஐந்து நோட்டு மட்டும். 60-ல் ஆரம்பித்து, வரிசையாகப் பத்து தடவை சுத்தமாக வந்தால்தான் நாலு ஏற்றம். “டேய், இந்த அஞ்சு நோட்டு எனக்குக் கனவுல வருதுடா” என்றான் ரூம்மேட். பாவம், அவனுக்கு மறுநாள் இன்டர்னல்.

தஞ்சாவூரில் என் அத்தை வீணை வாசிப்பார். போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு இந்த ஸ்கேலை வாசித்துக் காட்டினேன்.

“என்னடா கண்ணா, சுத்த தன்யாசியா?”

“இல்ல அத்தை, இது பென்டடானிக்.”

“ஸ க ம ப நி. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்! சரளி வரிசை மூணு காலத்துல சொல்லிக்குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? முதல் காலத்துல தூங்கறவனுக்கு மூணாம் காலம் வராதுடா.”

அத்தை சொன்னதில் ராகக் கணக்கு ரொம்பச் சரி. ஏ-யை ஸ என்று வைத்தால் அதே ஐந்து ஸ்வரங்கள்தான். சி-யை ஸ ஆக்கினால் மோகனம் வந்து நிற்கும்! வீணையில் 24 மெட்டு, என் கிடாரில் 22 ஃப்ரெட். அங்கே கம்பியை இழுத்து கமகம், இங்கே இழுத்தால் பெண்டிங். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டும் இன்ஜினீயரிங் படித்த ‘கிடார்’ பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடாரிலேயே கர்னாடக சங்கீதக் கச்சேரி செய்பவர். (இன்ஜினீயரிங் முடித்துவிட்டு கிடாரா என்று அப்பா கேட்டால் சொல்ல ஒரு பெயர் ரெடி!)

அத்தை இன்னொன்றும் கேட்டார். “ஓடி ஓடி எங்கடா போய் நிக்கறே?” நிற்கும் இடம் 24-வது நோட்டு. மூன்றாவது கம்பி, ஏழாவது ஃப்ரெட். டி-யை இழுத்து இ வரைக்கும் ஏற்ற வேண்டும். அத்தை பாஷையில் ம-விலிருந்து ப-வுக்கு. அரை இழை குறைந்தாலும் அபஸ்வரம். முன்னால் ஓடிய 23 நோட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு நோட்டில்தான் மானம் இருக்கிறது. ஆச்சர்யம், எங்கள் ஃப்ளோரில் யாருமே அதை பிராக்டீஸ் பண்ணுவதில்லை. அதனால் தினமும் கடைசி பத்து நிமிஷம் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, அந்த ஒரு இழுப்பு மட்டும்.

நேற்று ராத்திரி நிலவரம்: 112 சுத்தம். 116-ல் ஐந்துக்கு மூன்று பாஸ், இரண்டு அரியர். ரிகர்சலுக்கு இன்னும் மூன்று நாள். ரூம்மேட் போர்வைக்குள்ளிருந்து கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே தூங்குகிறான். மெட்ரோனோமோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்... பயல் 120-ல் ஆட்டுகிறான்!