திருத்தணி: 365 படிகளும் ஒரு சக்கர நாற்காலியும்

சென்னையிலிருந்து ரயிலில் அரக்கோணத்தைத் தாண்டினால், சற்று நேரத்தில் திருத்தணி வந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததுமே தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழும். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. எல்லைக்கோடு மாறினாலும் பக்தர்கள் மாறவில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் இரண்டு மாநிலங்களிலிருந்தும் காவடிகள் மலையேறுகின்றன.

முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது இது. சூரனோடு போரிட்ட கோபம் தணிந்த இடம் என்பதால் 'தணிகை'. வருடத்தின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் இங்கு விசேஷம். டிசம்பர் 31 அன்று படி பூஜை களைகட்டும்.

சரி, படியே ஏற முடியாதவர்கள் எப்படிச் செல்வது?

மலைமேல் வாகனம் செல்ல சாலை இருக்கிறது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது பெரிய உதவி. ஆனால் எந்த மலைக்கோயிலிலும், வண்டியை விட்டு இறங்கிய பிறகு வரும் சில படிகள்தான் சோதனை. அண்ணனோ மாமாவோ இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிச் செல்வார்கள். அதில் அன்பு நிறையவே இருக்கிறது. ஆனால், தூக்க ஆள் இல்லாத நாளில் சாமியைப் பார்க்கவே முடியாது என்றால், அது சரியா?

ஐ.நா. சொன்ன பதில்

இந்தக் கேள்விக்கு உலக நாடுகள் சேர்ந்து பதில் சொன்ன நாள், 2006 டிசம்பர் 13. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை அன்று ஏற்றது. பொது இடங்களுக்குத் தடையின்றிச் செல்வதும், பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதும் உரிமை என்கிறது அது. இதற்காக நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்று 32-வது பிரிவு சொல்கிறது.

2007 அக்டோபர் 1-ம் தேதி இந்தியா இதை உறுதிசெய்தது. அதையொட்டி 2016-ல் புதிய சட்டம் வந்தது. முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆனது. பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றவும் காலக்கெடு வந்தது. அணுகல் வசதிக்கான அடிப்படை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டத்துக்கு உலக வங்கி 2022-ல் 16.2 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. இதன்கீழ் 'விழுதுகள்' சேவை மையங்கள் தொடங்கப்பட்டுள்ளன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்காக ஊர் ஊராக அலையாமல் ஒரே இடத்தில் பெறுவதுதான் இதன் நோக்கம்.

கோயில்களிலும் மாற்றம் சாத்தியம்தான். திருத்தணிக்கு அருகிலுள்ள சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். அங்கே 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இவ்வளவு பெரிய செலவு தேவையில்லை. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம், பக்கவாட்டில் கைப்பிடி, வழியில் ஒரு நிழலான இருக்கை... இவை இருந்தாலே பலருக்குப் பாதை திறந்துவிடும்.

செல்பவர்கள் கவனத்துக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அது நாடு முழுவதும் செல்லும் என்பதால், ஆந்திராவிலிருந்து வருபவர்களுக்கும் பயன்படும். கிருத்திகை, விடுமுறை நாள்களைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. சாய்தளம் எங்கே, சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கோயில் அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது சலுகைக்காக அல்ல, சட்டம் தந்த உரிமைக்காக.

365 படிகளும் காலகாலத்துக்கும் இருக்கட்டும். ஏற முடிந்தவர்கள் ஏறட்டும். முடியாதவர்களும் யார் தோளையும் எதிர்பார்க்காமல் முருகன் முன்னால் நிற்கிற நாள் சீக்கிரம் வரட்டும்.