கில்பெக்கில் ஒரு சண்டை

இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் வலிக்கும். மனசில் நின்றது ஹெரிஃபோர்டுஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய கில்பெக் என்ற குக்கிராமத்தின் பங்குக் கோயில். புனித மரியாளுக்கும் புனித தாவீதுக்கும் கட்டியது. தாவீது வேல்ஸ்காரர்களின் புனிதர். அந்த மண் ஒரு காலத்தில் அவர்களுடையது. நார்மன்கள் வந்து கோட்டை கட்டி, கோட்டைக்குப் பக்கத்திலேயே 1140ஆம் ஆண்டையொட்டி இந்தக் கோயிலையும் கட்டினார்கள். ஜான் மன்னர் வந்து தங்கிய அந்தக் கோட்டையில் இன்று ஒரு மேடும், மேட்டின்மேல் உடைந்த சுவர்த் துண்டுகளும்தான் மிச்சம். சுற்றியிருந்த பழைய ஊர் புல்லுக்கடியில் கிடக்கிறது. கோயில் மட்டும் அப்படியே நிற்கிறது.

என் தங்கை ஹெரிஃபோர்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து சித்தி வந்திருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது, சித்தி வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. "கோயிலுக்குத்தானே போறே, நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டார். நான் சிற்பம் பார்க்கப் போனேன். சித்தி கோயிலுக்குப் போனார். அன்றைக்கு நடந்ததெல்லாம் இந்த வித்தியாசத்தில் வந்ததுதான்.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. புத்தகங்களில் பக்கம் முழுக்கப் படமாகப் பார்த்த இடம், நேரில் ஒரு தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மேற்கில் ஒரு சின்ன மணிக்கூண்டு, கோபுரம் கிடையாது. மக்கள் நிற்கும் கூடம், அதைவிடக் குறுகலாகப் பாடகர் பகுதி, கடைசியில் பீடம் இருக்கும் அரைவட்ட அறை என்று மூன்றே கட்டு. கிழக்கே போகப் போகக் கட்டடம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. சித்திக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மகாமண்டபம், அர்த்த மண்டபம், கர்ப்பகிருகம்" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

தெற்கு வாசலுக்கு வந்ததும் ஏமாற்றம் போய்விட்டது. சிவப்பு மணற்கல். மழையும் பனியும் ஓயாத நாட்டில் கிட்டத்தட்ட 900 வருடம் வெளியில் நின்ற கல் என்று நம்ப முடியவில்லை, விளிம்புகள் அவ்வளவு கூர்மை. இடப்பக்கத் தூணில் இரண்டு வீரர்கள், ஒருவர்மேல் ஒருவராக. உடம்பை ஒட்டிய சட்டையும் காற்சட்டையும், தலையில் கூம்புக் குல்லா. காலையும் கையையும் கொடி சுற்றிப் பிணைத்திருக்கிறது. அவர்கள் கொடியிலிருந்து விடுபடப் பார்க்கிறார்களா, கொடியைப் பிடித்து ஏறுகிறார்களா என்று சொல்ல முடியாது. வலப்பக்கத் தூணின் தலையில் ஒரு முகம், வாயிலிருந்து இலைகள் புறப்படுகின்றன. வாசலுக்கு மேலே அரைவட்டப் பலகையில் ஒரு மரம். அதைச் சுற்றிய வளைவுகளில் அலகு நீண்ட பறவைத் தலைகள், பாம்புகள், வட்டத்துக்குள் சுருண்ட விலங்குகள். இந்த வாசலில் ஏசுவும் இல்லை, சீடர்களும் இல்லை. ஞாயிறுதோறும் ஊரே நுழையும் வழியில் முழுக்க முழுக்கக் காடுதான்.

நான் கழுத்தில் காமிராவோடு நின்றுகொண்டிருந்தபோது சித்தி குனிந்து ஷூவைக் கழற்றினார். அப்புறம் சாக்ஸையும். "இங்கே வேண்டாம் சித்தி, தரை ஜில்லுன்னு இருக்கும்" என்றேன். காதில் வாங்கவே இல்லை, வெறுங்காலோடு உள்ளே போனார்.

உள்ளே ஒரு பெரியவர் பூ ஜாடிகளில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தியின் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெஞ்சுக்கு அடியிலிருந்து பூவேலை செய்த சின்ன மெத்தை ஒன்றை எடுத்துவந்து, அதன்மேல் நிற்கச் சொன்னார். ஜெபத்தின்போது முழங்கால் போடும் மெத்தை அது. அது எதற்கென்று நான் சொன்னதுதான் தாமதம், சித்தி பதறிப்போய் ஓரடி பின்வாங்கினார். "அதுல கால் படலாமா? எடுக்கச் சொல்லு." நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் மெத்தையை இரண்டு கையாலும் எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சித்தியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அப்புறம் அவர் எங்களை விடவே இல்லை. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கே இருக்கும் கல் தொட்டியில்தான். பெற்றோர் வெளியே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

பாடகர் பகுதிக்குள் நுழையும் வளைவின் இரு பக்கமும் தூண்களில் புனிதர்கள் நிற்கிறார்கள், பக்கத்துக்கு மூவர், ஒருவர் தலைமேல் ஒருவராக. வெளியே பார்த்த கூத்துக்கு நேர்மாறான அமைதி. சாவி பிடித்திருப்பவர் பேதுரு. தூணில் ஆளை நிறுத்தும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தின் தெற்கு வாசலில் இதே மாதிரித் தூண்கள் உண்டு. இந்தப் பகுதியின் பிரபு ஒருவரிடம் காரியக்காரராக இருந்த ஆலிவர் தெ மெர்லிமோன்ட், 12ஆம் நூற்றாண்டில் அங்கே யாத்திரை போய்த் திரும்பி, கொஞ்சம் வடக்கே ஷாப்டனில் ஒரு கோயில் கட்டினார். அங்கே வேலை செய்த பட்டறையின் கைதான் கில்பெக்கிலும் தெரிகிறது. எர்டிஸ்லியிலும் காஸில் ஃப்ரோமிலும் உள்ள ஞானஸ்நானத் தொட்டிகளும் அவர்கள் வழியில் வந்தவைதான். அந்தச் சிற்பிகளில் ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. மேற்கு பிரான்சின் வளைவு, ஸ்பெயினின் தூண், வைக்கிங் வழியில் வாயைப் பிளந்த நாகத்தலை எல்லாம் கோட்டைக்காரன் ஒருவனுடைய கிராமத்துக் கோயிலில் வந்து சேர்ந்திருக்கின்றன. யாத்திரை போனவர்கள் புண்ணியத்தோடு கண்ணில் இதையும் சுமந்து வந்திருக்கிறார்கள்.

சண்டை வெளியே நடந்தது.

கூரை விளிம்பைத் தாங்கும் கற்கள் கட்டடத்தைச் சுற்றி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. 91 இருந்ததில் 85 எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் உருவம். நம் கோயில் கொடுங்கைக்கு அடியில் பூதவரி ஓடுமே, அதே இடம், அதே குறும்பு. கில்பெக் முடிந்த சில ஆண்டுகளில்தான் இரண்டாம் ராஜராஜன் தாராசுரத்தை எடுத்தான். சித்தியின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இரண்டு இடத்துச் சிற்பிகளும் ஒருவரை ஒருவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் உயரத்தில், யாரும் நின்று பார்க்காத மூலையில், ஒரு சாண் கல்லில் முழு மனசையும் இறக்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் இருந்திருக்கிறது.

பெரியவர் முதலில் காட்டியது நாயும் முயலும். நாய்க்குக் காது தொங்குகிறது, முயலுக்கு நிமிர்ந்து நிற்கிறது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி, ஒரே சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு குழந்தைகளைப் போல இருக்கின்றன. வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் இவ்வளவு பக்கத்தில், பகையே இல்லாமல். சித்தி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பன்றி, ஆட்டுக்கிடா, தந்திவாத்தியக்காரர், கட்டிப் புரளும் இருவர். சிலுவையைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி ஒன்று பார்க்கக் குதிரை மாதிரி இருந்தது. அரைவட்டச் சுவரைச் சுற்றி வந்தபோது சித்தியின் சிரிப்பு நின்றது.

பெரிய தலை, பிதுங்கிய வட்டக் கண்கள், குச்சி உடம்பு. தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தன் பெண்குறியை அகல விரித்துக் காட்டும் உருவம். ஷீலா-நா-கிக் என்று இந்த வகைச் சிற்பங்களைச் சொல்வார்கள். அயர்லாந்தில் நிறைய உண்டு. கில்பெக்கில் இருப்பதுதான் இங்கிலாந்தில் மிகவும் பேர்போனது.

"என்னடி இது கண்ராவி? கோயில்ல போய்!"

"ஏன் சித்தி, நம்ம தேர்ல இல்லையா? நீங்க பார்க்காததா?"

"தேர்ல இருக்கறது வேற. தேர் தெருவுல ஓடறது. இது எங்க இருக்கு பாரு. உள்ள பீடம் எந்தச் சுவரை ஒட்டி இருக்கோ, அதே சுவருக்கு வெளியில."

அத்தனை புத்தகம் படித்துவிட்டுப் போன எனக்கு இந்த இடக்கணக்கு தோன்றியிருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. கலை, காலம், அந்தக் கால மனசு என்று அடுக்கினேன். சித்திக்குக் கோபம் ஏறியது. "கலைன்னு சொல்லிட்டா போதுமா? நீ ஒரு கும்பிடுகூடப் போடலை. போட்டோ எடுக்கறே. உனக்கு எல்லாம் ஒண்ணுதான்." இதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அந்த உருவம் எதற்கு என்பதில் அறிஞர்களுக்குள்ளும் இதே சண்டைதான். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்று ஒரு கட்சி. கண்ணேறு கழிக்க வைத்தது என்று இன்னொரு கட்சி. பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்பவள் என்று மூன்றாவது. 1842இல் இந்தக் கோயிலின் சிற்பங்களை வரைந்து புத்தகமாகப் போட்ட ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ், இவளை ஒரு முட்டாள் மனிதனாகவும், விரிந்திருப்பதை நெஞ்சுப் பிளவாகவும் பார்த்தார். எதிரில் இருக்கும் கல்லைக்கூடக் காலம் நம்மைப் பார்க்கவிடாது. என் மனம் மூன்றாவது கட்சி பக்கம் சாய்கிறது. அதற்குக் காரணம் படித்த எதுவும் இல்லை. பிரசவம் பார்க்கக் கடல் கடந்து வந்த ஒருத்தி பக்கத்தில் நின்றதுதான்.

எங்கள் தமிழ் புரியாவிட்டாலும் சங்கதி பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "அந்தக் கல்லைப் பற்றித்தானே?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "சின்ன வயதில் என் அம்மா எங்களை இந்தப் பக்கம் வரவே விடமாட்டார். ஆனால் அதை எடுத்துவிட வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை."

நான் தமிழில் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எடுக்கணும்னு நானும் சொல்லலையே" என்றார்.

மறுநாள் ஷாப்டனுக்குப் போனேன், தனியாக. ஆலிவரின் கோயிலை 1750களில் இடித்துவிட்டுப் புதுப் பாணியில் வேறொன்று கட்டியிருக்கிறார்கள். பழைய வாசல்களும் வளைவும் அழகாக இருக்கின்றன என்று, அவற்றை மட்டும் பெயர்த்து ஒரு மேட்டின்மேல் தோட்ட அலங்காரமாக நிறுத்தினார்கள். தலைக்குமேல் கூரை இல்லை. மழை தின்றுவிட்டது. தூணில் ஆள் இருந்த இடத்தில் ஒரு புடைப்பு, கொடி இருந்த இடத்தில் ஒரு நெளிவு. விரலால் தடவிப் பார்த்தேன், சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரே பட்டறை, ஒரே தலைமுறை. ரசித்து எடுத்துவைத்தது போய்விட்டது. ரசிக்கத் தெரியாதவர்களும் சங்கடப்பட்டவர்களும் ஞாயிறுதோறும் வந்து போன இடம் நிற்கிறது. கில்பெக் பணக்கார ஊராக வளர்ந்திருந்தால் அங்கேயும் யாராவது பெரிதாக இடித்துக் கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். 1840களில் லூயிஸ் காட்டிங்காம் என்ற கட்டடக் கலைஞர் கில்பெக் கோயிலைப் பழுதுபார்த்தபோதும் அதன் உருவத்தை மாற்றவில்லை.

இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கில்பெக்கில் தெற்கு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். கூரை விளிம்பைப் பார்த்தபடி கட்டடத்தை ஒரு சுற்று முழுதாகச் சுற்றுங்கள், வடக்குப் பக்கமும் சேர்த்து. அனுமதிக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பங்குக் கோயில்களைப் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் அந்தந்தப் பங்கு மக்கள் தலையில்தான் விழுகிறது. காணிக்கைப் பெட்டியில் தாராளமாகப் போடுங்கள். அந்தக் கூரை ஒழுகாமல் இருக்கும்வரைதான் அந்த 85 கற்களும் இருக்கும்.