கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டனில் ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகளாகக் 'கமிஷனிங்' பொறியியலாளராக இருப்பவர். பத்திரிகைத் தொழிலிலேயே காலந்தள்ளிய எனக்கு அந்தச் சொல்லின் பொருள் அன்றுதான் விளங்கியது.

"மெஷினைப் பொருத்துறவங்க வேற, ஓட்டுறவங்க வேற, ஐயா. நடுவில நிக்கிறவன் நான்" என்றார்.

ஒரு பம்பைப் பொருத்தி முடித்தவுடன் பொத்தானை அழுத்திவிட முடியாதாம். குழாய்களுக்குள் கிடக்கும் வெல்டிங் துகள்களைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குவரை அளக்க வேண்டும். மோட்டாரைத் தனியே ஒரு கணம் இயக்கி, எத்திசையில் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் பல மணிநேரம் ஓடவிட்டு, பேரிங்கின் சூட்டையும் அதிர்வையும் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஒப்படைப்புப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்து.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "ஸ்டோருல" என்றார். தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் அழைப்பர். அவருடைய தந்தை அங்கே கொழுந்து அரைக்கும் ரோலர்களைப் பார்த்துக்கொண்டவர். திருப்புளியின் முனையை பேரிங்கின் மீது ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்து, எது எப்போது பழுதாகும் என்று சொல்லிவிடுவாராம். பழுதுபார்த்த ரோலரை ஓட்டிப் பார்த்துச் 'சரி' சொல்வதும் அவரே. பதிவேட்டில் கையெழுத்திடுபவர் மட்டும் வேறொருவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட பல இலட்சம் பேரில் அவரும் ஒருவர். சம்பளப் பட்டியலில் இறுதிவரை சாதாரணத் தொழிலாளி.

அவர்களுடைய லயம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் கனவு, 1950இல் லக்ஷபான மின்நிலையமாக அங்கே நிறைவேறியது. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போயிற்று. ஸ்டோரிலும் இரவு முழுவதும் விளக்கெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழேயிருந்த லயத்தில் குப்பி விளக்கு. இவர் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். இதைப்பற்றி நானும் ஒருகாலத்தில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். அதனால் எந்த லயத்துக்கும் விளக்கு வந்ததாக நினைவில்லை.

அதிர்வை அளக்கும் கருவி கையில் இருந்தாலும், கையெழுத்திடுவதற்கு முன் திருப்புளியைக் காதில் வைத்து ஒருமுறை கேட்டுவிடுவாராம். உடன் பணியாற்றுபவர்கள் சிரிப்பார்களாம்.

முதன்முதலாகக் கையெழுத்திட்ட பத்திரத்தின் பிரதியொன்றை ஊருக்குக் கொண்டுவந்து தந்தையிடம் காட்டியிருக்கிறார். ஆங்கிலம் அறியாத அந்தக் கிழவர், மகனுடைய பெயர் எங்கே என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாராம். பின்னர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாராம்: "சத்தம் சரியா இருந்திச்சா?"