திண்ணை இல்லாத வீடு

ஊர் சுற்றிவிட்டு வந்தவரைப் பார்க்கப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கேட்பதற்கு என்னிடம் இரண்டே காது. சொல்வதற்கு அவரிடம் பதினான்கு மாதம். இந்தக் கணக்குச் சரிப்பட்டு வராது என்று ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாராயிற்றே! எத்தனை நாள் முகம் காட்டாமல் இருப்பது? கணக்கு எனக்கு வரவில்லை என்பதற்கு அவர் பொறுப்பாளியல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் தாக்குப் பிடித்துவிட்டுக் கதை எழுத வந்துவிட்டவன் நான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கச்சிராயபாளையம். 1965-ல் கட்டி முடித்த கோமுகி அணை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாத்தியார் வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வீட்டுக்கு நல்ல அகலமான திண்ணை ஒன்று உண்டு. பஸ்ஸில் போகும்போதே மனத்தில் ஒரு சித்திரம் தீட்டிக்கொண்டு போனேன். வாத்தியார் திண்ணையில் சாய்ந்திருப்பார், எதிரே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளேயிருந்து காபி வரும், அவர் இமயமலையில் ஆரம்பிப்பார்.

திண்ணையில் ஒரு பூனைதான் இருந்தது.

உள்ளே கிரைண்டர் சத்தம். எட்டிப் பார்த்தேன். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொங்கி வரும் உளுந்தைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். கை முழங்கை வரைக்கும் மாவு.

"வாப்பா, உட்கார். உளுந்து பாதியிலே நிக்குது, விட்டா கெட்டியாயிடும். அக்கா மலைக்குப் போயிருக்கா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துடுவா" என்றார்.

நான் உட்கார இடம் தேடினேன். அவரோ ஒரு கூடை அவரைக்காயை என் பக்கம் தள்ளி, "சும்மா இருக்கிற நேரத்துக்கு நார் எடு" என்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் கொடுத்த வீட்டுப் பாடம்.

இந்தத் தம்பதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் கணக்கு வாத்தியார். அந்த அம்மாள் கிராம சுகாதாரச் செவிலியர். மலையிலும் அடிவாரத்திலும் 'நர்சம்மா' என்றால்தான் தெரியும். அரசாங்கம் 2020-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கிற்று. 2021-ல் 60 ஆக்கிற்று. அந்தத் தயவில் இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்துவிட்டு, 2022-ல் இருவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் வந்தது. மற்றவர்கள் மாடி எடுப்பார்கள், மனை வாங்குவார்கள். இவர்கள் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினார்கள்.

வண்டிக்குள்ளே ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கள்ளக்குறிச்சித் தச்சர் ஒருவரைக் கொண்டு கட்டில், மடக்குப் பலகை, அலமாரி எல்லாம் செய்து வைத்தார்கள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கு அலமாரி எம்மாத்திரம்! ஒரு ஸ்டவ், நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பதின்மூன்று அடி நீளம், ஆறடி அகலம். ஆக ஒரு குடித்தனம். இது ஒன்றும் விசித்திரமில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசாங்கமே 2021-ல் வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. இவர்கள் 2023 பொங்கல் கழிந்து கிளம்பினார்கள். சேலம் வரைக்கும் போய், கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் சாலையைப் பிடித்து, வடக்கே திரும்பினார்கள். பதினான்கு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பினார்கள்.

பிரயாணம் செய்கிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராஸ்வாமி, 1830 மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். பல்லக்கும் கூடாரமும் சுமந்துகொண்டு சுமார் நூறு பேர் கூடப் போனார்கள். அமெரிக்காவில் வாலி பயாம் என்பவர் பளபளக்கும் அலுமினிய வண்டி வீடுகளைச் செய்து விற்றவர். 1959-ல் அப்படிப்பட்ட 41 வண்டிகளைத் திரட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப் டவுனிலிருந்து கிளம்பி, கெய்ரோ வரைக்கும் நடத்திச் சென்றார். நாவலாசிரியர் ஸ்டீன்பெக் 1960-ல் ஒரு லாரியின் மேல் அறை கட்டி, அதற்கு டான் க்விக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்து, ஒரு நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் நாட்டைச் சுற்றினார். அத்தனை ஆயிரம் மைல் சுற்றியவர், கடைசியில் நியூயார்க்கில் தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வழி தவறி நின்றதாக எழுதியிருக்கிறார். படித்தபோது சிரித்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. திரும்பி வருவதுதான் கஷ்டமான வழி. ஆனால் வந்த மறுநாள் காலையில் வீட்டில் என்ன நடந்தது என்பதை இவர்கள் யாரும் விஸ்தாரமாக எழுதிவைக்கவில்லை.

வாத்தியார் சொன்னார்.

"முதல் மாசம் நான் ராஜா மாதிரிதான் இருந்தேன். வண்டியை ஓட்டுவேன், நிறுத்துவேன், இறங்கிக் கோட்டையைப் பார்ப்பேன். அவ உள்ளே உலை வைப்பா. ஜோத்பூர்க் கிட்டே ஒரு நாள், 'அந்தக் கோட்டையை வந்து பாரேன்'ன்னு கூப்பிட்டேன். அவ கரண்டியைக் கீழே வெச்சுட்டுச் சொன்னா: 'நீங்க ஊரைப் பார்க்கிறீங்க. நான் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பைப் பார்க்க ஜோத்பூர் வரணுமா? கச்சிராயபாளையத்திலேயே இருக்கே.'"

அவர் கிரைண்டரை நிறுத்தினார்.

"வீடா இருந்தா எழுந்து திண்ணைக்குப் போயிருப்பேன். வண்டியிலே எங்கே போறது? ஆறடி அகலம். அவ வேலை செய்யறது என் கண்ணுக்கு எதிரேயே நடக்குது. பார்க்கலேன்னு சொல்ல முடியலே."

அன்று ராத்திரி கணக்கு வாத்தியார் ஒரு அட்டவணை போட்டார். ஒரு நாள் சமையல் அவர், மறுநாள் அந்த அம்மாள். சமைக்காதவர் பாத்திரம் தேய்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். அதை வண்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார். முதல் பதினைந்து நாள் அவர் வைத்த சாம்பாரைப் பற்றி நர்சம்மா இன்றுவரைக்கும் வாய் திறக்கவில்லையாம். பிறகு கை பழகிவிட்டது. குஜராத்தின் உப்பு வெளியையும் பிரம்மபுத்திராவையும் இருவரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள்.

இவ்வளவும் சுகமான கதை. இதற்குமேல்தான் விஷயம் இருக்கிறது.

ஊர் திரும்பினார்கள். வீடு இருந்தது, வீட்டுக்குத் திண்ணையும் இருந்தது. வாத்தியார் குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! ஊரே கதை கேட்க வந்தது. அவர் சொன்னார். உள்ளேயிருந்து காபி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது நாள் சாயங்காலம் நர்சம்மா, கழுவி வைத்த தம்ளர்களை எண்ணினாள். இருபத்து மூன்று. எண்ணி முடித்துப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கம் நிறுத்தியிருந்த வண்டிக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

"கோபமா வந்து ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா தேவலை. 'எனக்கு அந்த வீடுதான் சரியா இருக்கு'ன்னாள். அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

எட்டு ராத்திரி அப்படிப் போயிற்று. பகலில் வீட்டுக்கு வருவாள், தன் வேலையைப் பார்ப்பாள், முகம் கொடுத்துப் பேசுவாள். இருட்டினால் வண்டி. அக்கம்பக்கத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அறுபது வயதுக்கு மேல் என்ன இது என்று உறவுக்காரர்கள் வந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். வாத்தியாருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "சொல்லப் போனா, எனக்குக் கோபமும் வந்தது. என் வீட்டிலே நான் உட்காரக்கூடாதான்னு நினைச்சேன்" என்றார், மாவை வழித்துக்கொண்டே.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில், அந்தம்மாள் எழுந்திருக்கும் முன்னே வண்டிக்குப் போய், கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பிய்க்கப் பார்த்தார். காகிதம் கிழிந்தது. அப்படியே எடுத்து வந்து, சமையலறைச் சுவரில் ஒட்டினார். காபி போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கிழிந்த காகிதம் சுவரில் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதி எழுத்து அழிந்துபோய்.

இப்போது அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. காலையில் கோலத்துக்குத் தண்ணீர் தெளிப்பதில் ஆரம்பித்து, சமையல், மாவு ஆட்டுவது, ரேஷன், மோட்டார் கெட்டுப்போனால் ஆளைத் தேடி ஓடுவது, சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு. "உத்தியோகத்திலே இருந்தப்போ மணி அடிச்சா வீட்டுக்கு வந்துடுவேன். இதுக்கு மணியே இல்லேப்பா" என்றார். அவர் சொன்னது புகார்தான். குரலில் ஏனோ புகார் இல்லை.

அஞ்சு மணி பஸ்ஸில் நர்சம்மா வந்து இறங்கினாள். தோளில் பை, பையில் யாரோ கொடுத்த சாமை அரிசி. "எப்போ வந்தே தம்பி? சார் உன்னையும் வேலையிலே உட்கார வெச்சுட்டாரா?" என்று சிரித்தாள். வாத்தியார் காபி கொண்டுவந்து கொடுத்தார். அவள் திண்ணையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு குடித்தாள். பூனை நகர்ந்து இடம் விட்டது.

வாரத்தில் ஒரு நாள் வெள்ளிமலைப் பக்கம் போகிறாளாம். நாள் நெருங்கிய கர்ப்பிணிகளைப் பார்த்து, பயம் தெளிவித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு வருவாள். சம்பளம் கிடையாது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆதீனத்தில் இருந்து, 1976-ல்தான் அரசாங்க நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் ஆஸ்பத்திரியும் அதற்கப்புறம் மெள்ள மெள்ளத்தான் மலை ஏறின. நர்சம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல சிற்றூர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

"காஷ்மீரெல்லாம் பார்த்துட்டு வந்தீங்களே அக்கா, எது நல்லா இருந்தது?" என்று கேட்டுவைத்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா தம்பி, நான் முப்பது வருஷம் இந்த மலை பூரா நடந்திருக்கேன். ஓடையைத் தாண்டியிருக்கேன், கரடியைப் பார்த்துட்டு ஓடியிருக்கேன். அதுக்குப் பேரு டூட்டி. வீட்டுக்கு வந்து உலை வெச்சா அதுக்குப் பேரே கிடையாது. சாரு வண்டியிலே ஏறினப்புறம்தான் ஊர்லே எல்லாரும் 'டூர் போறாங்க'ன்னாங்க."

மலையில் வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள் என்று கதை சொல்வார்கள். வந்தவர்கள் மலையிலேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்களாம். அண்ணன் தம்பிகள் வந்த வழியைக் கதை சொல்கிறது. தங்கின இடத்தில் அடுப்பு மூட்டியவர்களைப் பற்றிக் கதை அதிகம் பேசுவதில்லை.

கொச்சியில் டீக்கடை வைத்திருந்த விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். டீ விற்ற பணத்தில் மிச்சம் பிடித்தும், கடன் வாங்கியும் உலகத்தில் 25 நாடுகளுக்கு மேல் சுற்றினார்கள். திரும்பி வந்து மறுபடியும் அதே கடையில் நின்று கடனை அடைப்பார்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமானார். அவர்கள் போன நாடுகளைத்தான் எல்லாரும் எண்ணினார்கள். இருவரும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள் என்பதுதான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. அந்தக் கடைக்கும் திண்ணை இல்லையோ என்னவோ!

இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-ல், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள். ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிஷம். 'ஈடுபடுகிற' என்பதைக் கவனிக்க வேண்டும். ஈடுபடாத என்னைப் போன்றவர்கள் அந்தச் சராசரியிலேயே சேரவில்லை! நாங்கள் திண்ணைக் கணக்கு.

வாத்தியார் ஒரே ஒரு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நர்சம்மா இரண்டு வேலைகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஓய்வு பெற்றிருந்தாள். மற்றொன்றிலிருந்து பாதியாவது ஓய்வு பெற எட்டு ராத்திரி வண்டியில் படுக்கவேண்டியிருந்தது. இத்தனைக்கும் வாத்தியார் நல்ல மனிதர். ஒரு நாளும் கை நீட்டியவரல்ல, கடுஞ்சொல் சொன்னவரல்ல. நல்ல மனிதர்களுக்கும் திண்ணை வசதியாகத்தான் இருக்கிறது.

ராத்திரி வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிய நாவல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை தம்ளர் காபி ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்கு எப்போதுமே வராது, அன்று வந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. அவள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். எட்டு ராத்திரி என்று சொன்ன இடத்தில் தோசைத் திருப்பி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அந்த வண்டி என்ன விலையாம்?"

நான் விசாரித்துக்கொண்டு வரவில்லை. விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்று மட்டும் தெரியும். மாவு ஆட்டக் கற்றுக்கொள்வது மலிவு. கட்டுரையை இத்துடன் நிறுத்துகிறேன், உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.