பல்லியம் புகட்டிய பாடம்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, இளமைக் குறும்புகளையும் ஆசிரியப் பெருந்தகையோரின் பிரம்படிகளையும் எழுதலாமென முதலில் எண்ணினோம். ஆயின், யாம் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தில் உரைத்த ஒரு சொல் எம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனைப் பழைய மாணவ அன்பர்முன் வைத்தலே தகுமெனத் துணிந்தோம்.

எம் வாத்தியக் குழுச் சிறார் தெற்கே சென்று, சிங்கள மாணவருடன் ஒரே மேடையில் இசைத்து வரவேண்டுமென்ற யோசனை அக்கூட்டத்தில் எழுந்தது. "பாட்டும் தாளமும் பட்ட புண்ணை ஆற்றுமோ?" என வினவினோம். போரிலே தமையனை இழந்த குடும்பம் எமது. அதனை அறிந்த அவையினர் மறுமொழி கூறவில்லை. யோசனையும் அன்றோடு நின்றது.

இசை கற்பிக்கும் இளம் ஆசிரியை மட்டும் மறுநாள் எம்மிடம் வந்து, 'மேற்கு-கிழக்குத் திவான்' என்னும் பல்லியக் குழுவைப் பற்றிய படமொன்றைத் தந்தார். பல இயங்கள், அஃதாவது பல வாத்தியங்கள், கூடி ஒலிப்பது பல்லியம். மேனாட்டார் ஓர்க்கெஸ்ட்ரா என்பர். ஓரிரவு அரைமனத்துடன் அதனைப் பார்க்கத் தொடங்கினோம்.

1999 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் வைமார் நகரில், இஸ்ரேலில் வளர்ந்த இசைமேதை டானியல் பாரன்போயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வேட் சயித்தும் இஸ்ரேலிய இளைஞரையும் அரபு இளைஞரையும் ஒருங்கழைத்து இக்குழுவைத் தோற்றுவித்தனர். பாரசீகக் கவி ஹாபிஸின் பாக்களில் ஈடுபட்டு ஜேர்மானியக் கவி கதே இயற்றிய நூலின் பெயரே குழுவின் பெயராயிற்று. இவ்விளைஞருட் பலர் ஒருவர் நாட்டில் மற்றவர் கால்வைத்தல் அரிது. 2005 ஓகஸ்ட் மாதம் பாலஸ்தீனத்து ரமல்லா நகருக்கு அவர்கள் சென்றபோது, ஸ்பானிய அரசாங்கம் இராசதந்திரக் கடவுச்சீட்டுகள் வழங்கியே வழியைத் திறந்தது. அங்கே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனி ஒலித்தது.

அவ்விசையால் போர் நின்றதோ? நிற்கவில்லை. 2006 இல் லெபனானிற் போர் மூண்டபோது, அரபு இளைஞர் சிலர் குழுவிற்கு வந்திலர். 2023 முதல் காஸாவில் நிகழ்ந்த பேரழிவையும் உலகு கண்டது. தம் குழு சமாதானத்தைக் கொணரும் என்று பாரன்போயிமும் கூறினாரல்லர். அறியாமைக்கு எதிரான முயற்சி என்றே கூறினார். ஆயினும் குழு கலையவில்லை. 2024 இல் இலண்டன் மேடையிலும் இசைத்தது.

பல்லியத்தின் ஒழுங்கு எம்மைச் சிந்திக்க வைத்தது. தொடக்கத்தில் ஓபோ என்னும் துளைக்கருவி ஒரு சுரத்தை ஒலிக்க, ஏனையோர் அதனோடு சுருதி சேர்ப்பர்; எம்மூர் மேளத்துக்கு ஒத்து நிற்பதுபோல. வயலின் வாசிப்போர் இருவருக்கு ஒரே தாங்கி, ஒரே இசைத்தாள். ஒருவர் வில்லை நிறுத்திப் பக்கம் புரட்ட, மற்றவர் இசை அறாமற் காப்பர். பக்கத்திருப்பவன் யாவனாயினும் அவனைச் செவிமடாது வாசித்தல் இயலாது.

இதனைக் கண்டதும், பல்லாண்டுகளின் முன் தென்னிலங்கையில் நடந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பு நினைவில் எழுந்தது. ஆங்கிலக் கைந்நூல் இருவருக்கு ஒன்று. எம்மருகில் ஒரு சிங்கள ஆசிரியர். பக்கம் புரட்டுமுன் ஒவ்வொரு தடவையும் அவர் எம் முகத்தை நோக்குவார். யாம் தலையசைத்த பின்னரே புரட்டுவார். பத்து நாளிலும் யாம் அவர் முகத்தை நோக்கிப் புரட்டியதில்லை. சில மாதங்களின் பின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வருந்திக் கற்ற தமிழ் எழுத்தில் நான்கே வரிகள். தமிழாசிரியரென்று பெயர் தாங்கிய யாம், தமிழில் வந்த அக்கடிதத்துக்கு விடை எழுதினோமல்லோம். நன்னூலுக்குள் வைத்து மூடிவிட்டோம்.

தமையனை இழந்த துயர் ஆறவில்லை. இழந்தோர் வேண்டி நிற்கும் நீதி இசையால் நிறைவேறுவதுமன்று. இவ்விரண்டிலும் எம் கருத்து மாறவில்லை. ஆயின், எம் துயரைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தலையில் ஏற்றி, நீ எவரருகிலும் அமராதே என்று விதிக்க எமக்கு உரிமை யாது?

அடுத்த கூட்டத்தில் எம் சொல்லை மீட்டுக்கொண்டோம். சிறாருக்குத் துணையாகச் செல்லவும் ஒருப்பட்டோம். அந்த நண்பருக்கும் கடிதம் எழுதிப் பழைய முகவரிக்கே அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை. அவர் எத்துணைக் காலம் எம் விடையை நோக்கியிருந்தாரோ, அத்துணைக் காலம் யாமும் நோக்கியிருத்தல் முறையே.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!