அந்த 3 பிட் வீணா?

ஹாமிங் கோட் என்றதும் நம்மில் பலர் என்ன செய்வோம்? டேபிளை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். எனக்கோ ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. 4 பிட் செய்தியை அனுப்ப எதற்கு 7 பிட்? மீதி 3 பிட் வீண்செலவுதானே?

இதன் கதை சுவையானது. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன கம்ப்யூட்டர் ஒன்று சனி, ஞாயிறுகளில் ஆள் இல்லாமலே ஓடும். பிழை வந்தால் அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். திங்கட்கிழமை ஆவலோடு வந்த ரிச்சர்ட் ஹாமிங்குக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வெறுங்கைதான். தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிற மிஷினுக்கு, அது எங்கே இருக்குன்னு கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா? அந்த எரிச்சல்தான் 1950-ல் கட்டுரையாக வெளிவந்தது.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "திருச்சி, திருச்சி, திருச்சி" என்று கூவுகிறாரே, அதுவும் பிழை திருத்தும் வழிதான். ஆனால் 4 பிட்டை மும்முறை அனுப்பினால் 12 ஆகிவிடும். ஹாமிங்குக்கு 7 போதும். எப்படி?

பென்சிலை எடுங்கள். 1011 என்ற செய்தி, ஈவன் பாரிட்டியில் 0110011 ஆகப் போகிறது. 1, 2, 4-ஆம் இடங்களில் பாரிட்டி பிட்கள். வழியில் நாய்ஸ் புகுந்து 5-ஆம் பிட் மாறி 0110111 ஆகிவிட்டது. ரிசீவர் மூன்று சோதனை செய்கிறது. 1, 3, 5, 7-ஐக் கூட்டினால் ஒற்றைப்படை: தவறு. 2, 3, 6, 7 இரட்டைப்படை: சரி. 4, 5, 6, 7 ஒற்றைப்படை: தவறு. தவறிய சோதனைகளின் எண்கள் 1, 4. கூட்டினால் 5! குற்றவாளி பிடிபட்டான். அந்த 3 பிட்டும் நகல்கள் அல்ல, மூன்று வெவ்வேறு கேள்விகள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 5, 6 இரண்டுமே மாறிவிட்டால்? சோதனை 3-ஐக் காட்டும். பாவம், ஒரு தப்பும் செய்யாத 3-ஆம் பிட்டை ரிசீவர் "திருத்தி", இரண்டு பிழையை மூன்றாக்கிவிடும்! எத்தனை பிழை வரும் என்று சேனலை அறிந்த பிறகே கோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேபிளை மனப்பாடம் செய்தவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் பாருங்கள். ஓரம் கிழிந்து, டீக்கறை படிந்தும் போன் படித்துவிடுகிறது. அதில் இருப்பது 1960-ல் ரீட், சாலமன் இருவரும் வெளியிட்ட கோட். அதன் உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் செய்தி மீண்டுவிடும்.

பிழையே வராத கம்பியும் இல்லை, காற்றும் இல்லை. வரும் என்று தெரிந்தே முன்கூட்டிக் கொஞ்சம் சேர்த்து அனுப்புவதுதான் இன்ஜினியரிங். வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா பையில் திணிக்கும் கூடுதல் பத்து ரூபாயை யாராவது வீண் என்போமா?